‘வேலையை விட்டுவிட்டால் வீடு சீராகிவிடுமா?’

பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 38 வயது வாசகி ஒருவர் ஐந்து பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

கும்பகோணத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் எட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். மாதம் 14,000 ரூபாய் சம்பளம், பி.எஃப். பிடித்தம் உண்டு. கணவர் நான்கு ஏக்கரில் குறுவையும் சம்பாவும் செய்கிறார். மகள் பத்தாம் வகுப்பு. மகன் ஊர் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. மாமியாருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் வலி. வாசகியின் நாள் அதிகாலை நாலரைக்குத் தொடங்குகிறது. வாசல் தெளித்துக் கோலம், ஆறு மணிக்கு வரும் குழாய்த் தண்ணீர், காலை டிபன், டப்பாக்களில் மதியச் சாப்பாடு, பிறகு 8.10 பஸ். மாலை ஏழு மணிக்குத் திரும்பினால் காலையில் போட்ட பாத்திரம் போட்டபடியே கிடக்கிறது. நடவும் அறுப்பும் வந்துவிட்டால் ஆட்களுக்கு டீ, பலகாரம் வேறு. படுக்க இரவு பதினொன்றரை ஆகிறது.

வீட்டை ஒழுங்குபடுத்தும் வீடியோக்களைப் பார்த்து, அரை மணிக்கு ஒரு வேலை என்று அட்டவணை எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறார். 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று அதில் சொன்னார்களாம். பன்னிரண்டாம் நாள் நடவு ஆட்கள் வந்தார்கள். அட்டவணை அன்றோடு போயிற்று. ஆசையாக வாங்கிய பிளாஸ்டிக் டப்பாக்கள் ரேழியில் விதை நெல் மூட்டைக்குப் பக்கத்தில் அடுக்கியபடி இருக்கின்றன. “நாங்களெல்லாம் உரலில் ஆட்டிப் பத்துப் பேருக்குப் பொங்கிப் போட்டோம்” என்கிறார் மாமியார். “அந்தச் சம்பளம் வந்துதான் குடும்பம் ஓட வேண்டுமா, பேசாமல் வேலையை விட்டுவிடு” என்கிறார் கணவர். ‘போன வாரம் பஸ்ஸுக்கு நேரமாகும்போது ஷூவைக் காணோம் என்று நின்ற மகனை முதுகில் அடித்துவிட்டேன். அன்று இரவெல்லாம் அழுதேன்’ என்று எழுதிவிட்டு மூன்று கேள்விகள் கேட்கிறார்: என்னிடம் ஒழுங்கு இல்லையா? வேலையை விட்டுவிடட்டுமா? எனக்கு ஒரு நல்ல அட்டவணை போட்டுத் தருவீர்களா?

அன்புச் சகோதரி,

மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இன்னோர் அட்டவணையை நான் உங்களுக்குத் தரப்போவதில்லை. பழைய அட்டவணையின் நகலைக் கடிதத்தோடு வைத்திருந்தீர்கள். அதில் 23 வரிகள் இருக்கின்றன. ‘6.20 அத்தைக்கு மாத்திரை’, ‘6.40 தம்பியை எழுப்ப’, ‘7.05 அவருக்கு டீ’, ‘7.30 பாப்பா டப்பா, தண்ணீர்’ என்று வரிசையாகப் போகிறது. ஐந்து பேர் இருக்கும் வீட்டின் அட்டவணையில் 23 வரியும் ஒரே ஆளுடைய வேலை. ஒரு நாள் உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் 23-ம் நின்றுபோகும். ஒரே மதகை நம்பி நாலு ஊர்ப் பாசனம் நடப்பதுபோல் உங்கள் வீடு நடந்துகொண்டிருக்கிறது. இதில் உங்கள் ஒழுங்குக்கு என்ன குறை? எட்டு ஆண்டுகளாக மாதக் கணக்கை முடித்துக் கொடுக்கும் கைக்கு ஒழுங்கு தெரியாது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

இது உங்கள் ஒருத்தியின் கதையும் அல்ல. 2019-ல் ஒன்றிய அரசின் புள்ளியியல் துறை நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். எண்ணெய் தீரப்போகிறது, மாத்திரை அட்டையில் இரண்டுதான் பாக்கி, நாளை மகளுக்கு வெள்ளைச் சீருடை வேண்டும் என்று அலுவலகத்தில் உட்கார்ந்தபடி நினைத்துக்கொண்டிருக்கிறீர்களே, அந்தச் சுமை இப்படிப்பட்ட கணக்கில் சரியாகப் பிடிபடுவதில்லை. உங்களைக் களைக்க வைப்பதில் பாதி அதுதான் என்று நினைக்கிறேன்.

21 நாள் என்பது எங்கிருந்து வந்தது?

பன்னிரண்டாம் நாள் விட்டுப்போனதை உங்கள் தோல்வி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 21 நாள் கணக்குக்கு அடிப்படை பலமானதல்ல. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாறிய தங்கள் முகம் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-ல் எழுதினார். அதுதான் கைமாறிக் கைமாறி, எந்தப் பழக்கத்துக்கும் 21 நாள் என்று ஆகிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-ல் வெளிவந்தது. ஒரு புதிய பழக்கம் யோசிக்காமல் கை போகும் அளவுக்குப் படிய அவர்களுக்குச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாள். சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். ஐப்பசியில் தொடங்கினால் பொங்கல் வாக்கில் படியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடவுக்காக நாலு நாள் நின்றால், ஐந்தாம் நாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். மறுபடி ஒன்றாம் நாளிலிருந்து எண்ண வேண்டியதில்லை.

இன்னொன்று: கடிகாரத்தைப் பார்த்துச் செய்யும் வேலை கிராமத்து விவசாய வீட்டில் நிற்காது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியல் அறிஞர், ‘இது நடந்ததும் அதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்பவர்கள் நினைத்ததைக் கூடுதலாகச் செய்து முடிக்கிறார்கள் என்று காட்டியிருக்கிறார். உங்கள் வீட்டில் தினமும் தவறாமல் நடப்பவை சில இருக்கின்றன. குழாயில் தண்ணீர் வரும், எல்லோரும் வெளியிலிருந்து வீடு திரும்புவார்கள், இரவுச் சாப்பாடு முடியும். பழக்கங்களை இவற்றோடு சேர்த்துக் கட்டுங்கள்.

மூன்று பழக்கங்கள் போதும்

தண்ணீர் வந்ததும்: குடங்களைப் பிடித்து வைப்பது கணவர் பொறுப்பு, வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போவதற்கு முன் அதை முடித்துவிட்டுப் போகலாம். மகன் எல்லோருடைய தண்ணீர்ப் பாட்டில்களையும் நிரப்ப வேண்டும். எட்டு வயதுப் பையனுக்கு அது பெரிய வேலையே இல்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும்: ஷூ திண்ணையோரக் கூடையில், பை அவரவர் ஆணியில், டப்பா தொட்டியில், அதில் கொஞ்சம் தண்ணீர். மகனுடைய ஆணியை அவன் கைக்கு எட்டும் உயரத்தில் அடியுங்கள். பெரியவர்கள் உயரத்தில் அடித்துவிட்டு, பை ஏன் தரையில் கிடக்கிறது என்று அவனைக் கேட்பதில் நியாயமில்லை. வாங்கி வைத்த டப்பாக்களில் ஒன்றைத் திண்ணையில் வைத்தாலே ஷூவுக்கு இடம் கிடைத்துவிடும். மற்றவை ரேழியிலேயே இருக்கட்டும். பொருளுக்கு இடம் முடிவான பிறகுதான் டப்பாவுக்கு வேலை.

இரவுச் சாப்பாடு முடிந்ததும்: மாமியார் தவிர நான்கு பேரும் கால் மணி நேரம் அடுப்படியில் நில்லுங்கள். ஒருவர் பாத்திரம் தேய்க்க, ஒருவர் கழுவிக் கவிழ்க்க, ஒருவர் அடுப்பு மேடையைத் துடைக்க, மகன் மறுநாள் உடுப்பை எடுத்து வைக்கட்டும். காலையில் கழுவாத பாத்திரம் உங்கள் கண்ணில் பட்டால் அன்றைய நாள் அங்கேயே சறுக்கத் தொடங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இந்த மூன்றில் எதை விட்டாலும் இதை மட்டும் விடாதீர்கள். கூடத்துத் தினசரிக் காலண்டரில் அன்றைக்குக் கிழித்த தாளைக் குப்பையில் போட வேண்டாம். அதன் முதுகில் தீர்ந்துபோன சாமானை யார் பார்த்தார்களோ அவரே எழுதி, காலண்டர் அட்டையில் கிளிப் போட்டு வைக்கட்டும். கடைக்குப் போகிறவர் அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு போகலாம். ‘அம்மா, பேஸ்ட் இல்லை’ என்று உங்கள் காதில் சொல்லிவிட்டுக் கடமை முடிந்ததாக யாரும் நகரக் கூடாது.

சமையலைப் பொறுத்தவரை, எந்தக் கிழமைக்கு எந்த டிபன் என்று நிரந்தரமாக வைத்துக்கொண்டால் தினமும் யோசிக்கும் வேலை போகும். ஞாயிறும் புதனும் மாவு ஆட்டினால் வாரம் ஓடிவிடும். ஒரு வாரக் காயை ஞாயிற்றுக்கிழமையே நறுக்கி ஃபிரிட்ஜில் அடுக்கச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம். மழைக்காலத்தில் நம் பக்கம் மின்சாரம் போகிற போக்குக்கு அது சரிப்படாது. இரண்டு நாளைக்கு நறுக்கினால் போதும். மீந்த சோற்றையும் குழம்பையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள்.

மகன் பள்ளியில் காலை உணவு சாப்பிடுவதை ‘வீட்டில் அரிசி இல்லாதவர்கள் பிள்ளையா’ என்று மாமியார் தடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதில் நீங்கள் உறுதியாக இருக்கலாம். 2022-ல் தொடங்கிய அந்தக் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று மாநிலம் முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது நம் திருக்குவளையில்தான். ஒன்று முதல் ஐந்து வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான சாப்பாடு அது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பர்களோடு பொங்கலோ கிச்சடியோ சாப்பிடுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. ஏழரை மணி நெருக்கடியில் ஒரு தட்டு உங்களுக்குக் குறையும்.

உதவி கேட்காதீர்கள், பொறுப்பைக் கொடுங்கள்

‘சொன்னால் செய்வார்’ என்று கணவரைப் பற்றி நல்லவிதமாகவே எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அந்தச் ‘சொன்னால்’ என்பதில் இருக்கிறது. கவனிப்பது, நினைவில் வைப்பது, சொல்வது மூன்றும் உங்களிடமே இருந்தால் கை மாறியும் சுமை மாறாது. எனவே சில வேலைகளை அடியிலிருந்து நுனிவரை அவரிடம் கொடுத்துவிடுங்கள். அவருடைய அம்மாவின் மாத்திரை, பரிசோதனை, மருத்துவமனை ஒன்று. கேஸ், கரண்ட் பில், ரேஷன் இன்னொன்று. எந்த வரப்பில் நண்டு வளை, எந்த மடையை எப்போது அடைக்க வேண்டும், அறுவடை இயந்திரத்துக்கு யாரிடம் எப்போது சொல்லி வைக்க வேண்டும் என்பதெல்லாம் தலைக்குள் வைத்திருக்கும் மனிதருக்கு, மாத்திரை அட்டை காலியாவதைக் கவனிப்பது முடியாத காரியமா? முதல் ஒரு மாதம் கொஞ்சம் தடுமாறுவார். நீங்கள் இடையில் புகுந்து சரிசெய்யாதீர்கள். மாத்திரையில் மட்டும் விதிவிலக்கு. அது தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கிவிட வேண்டும் என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாத்திரைக்காகவே மாதம் அரை நாள் விடுப்பு எடுத்து அரசு மருத்துவமனையில் வரிசையில் நிற்கிறீர்கள். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாமியார் பெயரைப் பதிந்திருக்கிறார்களா என்று கணவரை விசாரிக்கச் சொல்லுங்கள். அவர் ஏற்கும் முதல் பொறுப்பாக அதுவே இருக்கட்டும்.

மகள் விஷயத்தில் ஒரு வார்த்தை. பெண் பிள்ளை என்பதற்காக அவளை இரண்டாவது அம்மா ஆக்கிவிடாதீர்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் வாக்கில் வரும். பொங்கலுக்குப் பிறகு இரவுக் கால் மணி நேரம் தவிர வேறு எதையும் அவளிடம் எதிர்பார்க்க வேண்டாம். அவள் தம்பி பாட்டில் நிரப்புவதோடு நிற்காமல், தன் துணியைத் தானே மடிக்கட்டும்.

மாமியாரோடு வாதம் வேண்டாம்

உரலில் ஆட்டியதும் பத்துப் பேருக்குப் பொங்கியதும் உண்மைதான். அவர் பட்ட பாட்டை யாராவது ஒருமுறை வாய்விட்டு ஒப்புக்கொண்டிருக்கிறார்களா என்று தெரியவில்லை, நீங்கள் ஒப்புக்கொள்ளுங்கள். அதே வேளை, அந்த வீட்டில் மாமியார், ஓரகத்திகள், நாத்தனார்கள், கொல்லையில் வேலையாட்கள் என்று கைகள் பல இருந்தன என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. யாருக்கும் 8.10 பஸ் இல்லை. இதை அவரிடம் சொல்லி நிரூபிக்க வேண்டியதில்லை. நீங்கள் தெரிந்துவைத்துக்கொண்டு மனதில் குத்தலை ஏற்றாமல் இருந்தால் போதும்.

அடுப்படி தன் கையைவிட்டுப் போன பெரியவர்களுக்குக் குறை சொல்வது மட்டுமே மிஞ்சுகிறது. “அத்தை, காய்கறியும் கீரையும் இனி உங்கள் நிர்வாகம். வண்டிக்காரரிடம் வாங்குவது, பால் கணக்கு, மறுநாள் என்ன குழம்பு என்பதெல்லாம் நீங்கள் சொல்வதுதான்” என்று கேட்டுப் பாருங்கள். கீரை ஆய்வது, சின்ன வெங்காயம் உரிப்பது, துணி மடிப்பது எல்லாம் முழங்கால் வலியோடும் நாற்காலியில் உட்கார்ந்து செய்யக்கூடியவை. அவர் சொல்லும் குழம்பு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் வையுங்கள்.

நடவும் அறுப்பும்

உங்கள் அட்டவணையின் பெரிய குறை, வருஷத்தின் எல்லா நாளையும் ஒன்றாக நினைத்ததுதான். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கமான தேதி. குறுவை நாற்று, பின்னால் சம்பா நடவு, களை, தையில் அறுப்பு என்று உங்கள் வீட்டு வேலைக்கும் ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. அந்த வாரங்களுக்கு என்று குறைந்தபட்ச ஏற்பாடு ஒன்றைக் கணவரோடு உட்கார்ந்து முன்பே எழுதிவிடுங்கள். ஒட்டடை, அலமாரி, வீடு கழுவுவது எதுவும் அப்போது கிடையாது. ஒரு குழம்பு, ஒரு பொரியல். சீருடை மட்டும் அன்றன்றைக்குத் துவைப்பது. ஐப்பசி, கார்த்திகையில் வெயிலை நம்ப முடியாது என்பதால் கூடத்தில் ஃபேனுக்கு நேராக ஒரு கொடி கட்டிவிடுங்கள்.

ஆட்களுக்கான டீயும் பலகாரமும் உங்கள் அடுப்பிலிருந்துதான் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அது சாகுபடிச் செலவு. ஊர் டீக்கடையில் கணக்கு வைத்து, உழவுக்கூலி, நடவுக்கூலியோடு சேர்த்து எழுதலாம். அறுப்பு முடிந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டால், 17 சதவீத ஈரப்பதத்துக்குள் காய்ந்து மூட்டை எடை போடும்வரை கணவர் இரவும் களத்தில்தான் படுப்பார். அந்த நாட்களில் அவர் பொறுப்பை யார் பார்ப்பது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். பேசாமல் விட்டால் அது தானாக உங்கள் தலையில்தான் வந்து விழும்.

வேலையை விடுவது பற்றி

விட்டால் காலை நெருக்கடி குறையும். அதை மறுக்க மாட்டேன். ஆனால் 23 வரியும் அப்படியே இருக்கும். ‘வீட்டில்தானே இருக்கிறாய்’ என்று இன்னும் ஏழெட்டு வரி கூடும். போன ஆண்டு குறுவைக்கு வைத்த நகைக்கடனுக்கு மாதாமாதம் வட்டி கட்டியது உங்கள் சம்பளம் என்று நான்காம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மழையும் கொள்முதலும் எப்படிப் போனாலும் தேதி தவறாமல் உங்கள் வீட்டுக்கு வரும் பணம் அது ஒன்றுதான். கணவரிடம் கோபமில்லாமல், ஓர் ஆண்டு வரவு செலவை எழுதிக் காட்டுங்கள். கணக்கு உங்கள் தொழில்தானே.

இன்னொரு முக்கியமான கணக்கு. ஐந்து ஆண்டு கடந்துவிட்டதால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உங்களுக்கு உண்டு. ஆனால் பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் மாதாந்திர ஓய்வூதியம் பெற 10 ஆண்டுச் சேவை தேவை. உங்களுக்கு எட்டுதான் ஆகியிருக்கிறது. இன்னும் இரண்டு ஆண்டில் வரவேண்டிய உரிமையை ஒரு மழைக்காலக் களைப்பில் கைவிடாதீர்கள். எப்படியும் விட்டே ஆக வேண்டும் என்று வந்தால், ஓய்வூதியப் பகுதியைப் பணமாக எடுக்காமல் திட்டச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். பின்னால் வேறு வேலையில் சேர்ந்தால் இந்த எட்டு ஆண்டும் சேர்ந்துகொள்ளும்.

நடவு, அறுப்பு வாரங்களில் அரை மணி தாமதமாக வந்து தாமதமாகப் போக அனுமதி கிடைக்குமா என்று நிர்வாகத்தில் கேளுங்கள். விடுப்பை அந்த நாட்களுக்குச் சேர்த்து வையுங்கள். முடிவு எதுவானாலும் மாசிக்கு முன் வேண்டாம்.

உடம்பு

மகனிடம், “அம்மா அடித்தது தப்பு, ஷூவுக்கு இனி கூடை இருக்கிறது” என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் அதைப் புரிந்துகொள்வார்கள். ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். ஐந்து மணி நேரத் தூக்கம், படி ஏறினால் மூச்சு, முடி கொட்டுதல், அடிக்கடி அழுகை என்று எழுதியிருக்கிறீர்கள். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. வரும் சனிக்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கக் கேளுங்கள். தைராய்டுக்கு அங்கே வசதி இல்லையென்றால் கும்பகோணத்தில் பார்த்துவிடுங்கள். இரும்புச்சத்து குறைந்த உடம்பை எந்தப் பழக்கமும் நிமிர்த்தாது; மாத்திரைதான் நிமிர்த்தும். பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தும் மனக்கனமும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், 14416 என்ற ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். தூக்கத்துக்கு இன்றிரவிலிருந்தே ஒரு மணி நேரம் கூட்டுங்கள். கோலத்தை ஞாயிற்றுக்கிழமை பெரிதாகப் போட்டுக்கொள்ளலாம். மற்ற நாளில் நாலு புள்ளி போதும்.